யாருடைய குரல்? நூதனசாலை வழிகாட்டிக் கருவிகளும் சிலாபக் கரையும்

நூதனசாலைக்கு வருவோர் கையிற் கொண்டு செல்லும் வழிகாட்டிக் கருவியைத் தெரிவு செய்வது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. விலை, மின்கலத்தின் ஆயுள், பராமரிப்பு என்பனவே ஆராயப்படுகின்றன. ஆயின், ஒரு பொருளின் வரலாற்றை யார், யாருக்கு, எம்மொழியிற் சொல்கின்றனர் என்ற வினா அத்தெரிவினுள் மறைந்து கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய கருவிகளின் வரலாறு 1952இல் ஆம்ஸ்ரர்டாம் நகரின் ஸ்டெடலிக் நூதனசாலையில் தொடங்குகின்றது எனலாம். அங்கு வானொலி அலைவழியே விரிவுரை ஒலிபரப்பப்பட்டது. காதிற் கருவி பூண்ட பார்வையாளர் யாவரும் ஒரே வேளையில் ஒரே சொல்லைக் கேட்டு, ஒருசேர நகர்ந்தனர். பின்னர் ஒலிநாடா வந்தது. பார்வையாளர் விரும்பிய நேரத்திற் தொடங்க முடிந்ததேயன்றி, வகுக்கப்பட்ட வரிசையை மீற முடியவில்லை. எண்ணிமப் பதிவு பரவியபோது இலக்கத்தை அழுத்தி வேண்டிய பொருளின் விளக்கத்தைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. 2012இல் பாரிசின் லூவர் நூதனசாலை, சிறுவர் விளையாடும் நின்டெண்டோ கருவியையே வழிகாட்டியாக்கியது. இன்று பார்வையாளரின் சொந்தக் கைத்தொலைபேசியே கருவியாகிவிட்டது.

இவ்வளர்ச்சியைக் கேட்போரின் சுதந்திரம் பெருகிய கதையாக மட்டும் காண்பது ஒருபக்கப் பார்வையாகும். இரவற் கருவியை வாங்குதல், மின்னேற்றுதல், திருத்துதல் ஆகிய செலவுகளை முன்பு நிறுவனம் ஏற்றது. சொந்தக் கைத்தொலைபேசி முறையில் அச்செலவின் பெரும்பகுதி பார்வையாளர்மீது சுமத்தப்படுகின்றது. தரவுக் கட்டணம் செலுத்த இயலாத மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சுவரில் ஒட்டிய கியூஆர் குறியீடு வெறும் கறுப்புக் கட்டமே. மேலும், குரல் எத்திசையிற் செல்கின்றது என்பதில் அடிப்படை மாற்றம் நிகழவில்லை. வானொலி ஒருவழிச் சாதனமாக இராது, கேட்போரையும் பேசவைக்கும் சாதனமாக வேண்டும் என்று பிரெக்ற் 1932இலேயே வாதிட்டார். அவ்வாதம் இத்துறையில் இன்னும் பெரிதும் நிறைவேறவில்லை.

மொழிப் பிரச்சினைக்கு நமது நாட்டிலேயே தக்க சான்று உண்டு. 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு, சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடையது, 1409ஆம் ஆண்டுக்குரியது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமிய இறைவனையும் போற்றுகின்றது. ஒரு மூலத்தை மூன்று மொழியிற் பெயர்த்ததாக அன்றி, மூன்று சமூகத்தாரை அவரவர் நம்பிக்கை வழியே விளிப்பதாக அது அமைந்துள்ளது. எனினும் அதிற் பேசுவது பேரரசே. கேட்போர் கேட்போராகவே உள்ளனர். பன்மொழி தன்னளவிற் சனநாயகம் ஆகிவிடாது என்பதையும் அக்கல்லே உணர்த்துகின்றது.

இந்நோக்கிற் சிலாபக் கரை சிறப்பான கவனத்துக்குரியது. முன்னேசுவரம் சைவத் தலமாயினும் அங்கு வழிபடவரும் சிங்கள பௌத்தர் மிகப் பலர். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையிலான கரையில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவ சமூகத்தவர் பலர், இருபதாம் நூற்றாண்டிற் படிப்படியாகச் சிங்களத்துக்கு மாறினர். பாடசாலைகளின் பயிற்றுமொழி சிங்களமானமை இதற்கு முக்கிய காரணமாயிற்று. வடக்கே உடப்பு தமிழ்க் கிராமமாகவே நிலைத்துள்ளது. கற்பிட்டியிற் பிறந்து சிலாபத்தில் நீதிபதியாயிருந்த சைமன் காசிச்செட்டியும் தமிழ்ப் புலவர் வரலாற்றை, ‘தமிழ் புளூராக்’ என்ற பெயரில் 1859இல் ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். தன் வரலாற்றைப் பிறிதொரு மொழியிற் கேட்பது இக்கரைக்குப் புதிதன்று.

இத்தகைய பிரதேசத்துக்கு ஒரு வழிகாட்டி அமைப்பதாயின், தமிழ் வேறு, சிங்களம் வேறு எனப் பிரித்து இரு பொத்தான்களை வைப்பது போதாது. பேரப்பிள்ளை சிங்களத்திற் கேட்கையில், பாட்டனின் மொழி தமிழாயிருந்தது என்பதும் அதே விளக்கத்திற் சொல்லப்படல் வேண்டும். அன்றேல் கருவி, மொழிமாற்றத்தின் வரலாற்றை மறைத்து, இரு சமூகங்களும் என்றும் தனித்தனியே இருந்தன என்ற பொய்யை உறுதிப்படுத்திவிடும்.

ஆகவே, தெரிவுக்கான அளவுகோல்கள் தெளிவாகின்றன. இணையத் தொடர்பின்றியும் அது இயங்க வேண்டும். கைத்தொலைபேசி இல்லாதார்க்கு இரவற் கருவி கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். விளக்கம் இரு மொழிகளிலும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும், ஒன்றன் பெயர்ப்பாக மற்றது அமையலாகாது. யாவற்றுக்கும் மேலாக, வலை இழுப்போரும் மீன் உலர்த்தும் பெண்களும் தம் குரலைப் பதிவுசெய்யவும், எழுதப்பட்ட விளக்கத்தை மறுக்கவும் அதில் இடமிருத்தல் வேண்டும். வரலாற்றைப் படைத்தோர் அதைக் கேட்போராக மட்டும் இருக்கும்வரை, எத்துணைப் புதிய கருவியும் பழைய அதிகாரத்தின் ஒலிபெருக்கியே ஆகும்.