வீட்டுக் கணினிகளில் வைஃபை வேகக் குறைவு

இணையச் சேவை ரூட்டர்வரை முழு வேகத்தில் வந்துசேர்ந்தும், அங்கிருந்து கம்பியின்றிக் கணினியை அடையும்போது வேகம் சரிந்துவிடும் நிலையே வைஃபை வேகக் குறைவு. புதிதாக வாங்கிய கணினியில் இது சட்டென்று கண்ணில் படுகிறது. கைபேசியில் விரைவாக ஓடும் காணொளி புதுக் கணினியில் நின்று நின்று வந்தால், கணினியில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கணினியில் பழுது இருப்பதில்லை. பழைய சாதனம் எதையும் கைவிடாமல், யாரும் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய அலைவரிசையில் வளர்ந்த தொழில்நுட்பம் வைஃபை. அந்த வளர்ச்சியின் சுமை இன்றைய வேகத்திலும் தெரிகிறது.

வரலாறு

ஒரே வானலையைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் முறையை முதலில் செயல்படுத்திக் காட்டியது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட். நார்மன் ஆபிரம்சன் தலைமையில் உருவான இந்த வலையமைப்பு 1971இல் இயங்கத் தொடங்கியது. எந்த நிலையமும் நினைத்த நேரத்தில் தகவலை அனுப்பலாம். இரண்டு தகவல்கள் மோதினால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். மோதலில் நேரம் வீணானதால் அலைவரிசையின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படவில்லை. அலையைப் பகிர்ந்தால் விளம்பர வேகம் கைக்கு வராது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த திருப்பம் 1985இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. பொறியாளர் மைக்கேல் மார்கஸின் முயற்சியால், அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளை உரிமம் பெறாத தகவல் தொடர்புக்குத் திறந்துவிட்டது. தொழிற்சாலைக் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்புகளும் இரைச்சல் எழுப்பிக்கொண்டிருந்த அந்தப் பகுதிகளை வானொலித் துறையினர் குப்பை அலைவரிசை என்றே அழைத்துவந்தனர். வைஃபை பிறந்தது அந்தக் குப்பையில்தான்.

கடைகளின் பில் போடும் இயந்திரங்களைக் கம்பியின்றி இணைக்க விரும்பிய என்சிஆர் நிறுவனம், நெதர்லாந்தில் இருந்த தன் பொறியாளர்களிடம் அந்தப் பணியை ஒப்படைத்தது. அதன் விளைவு வேவ்லேன். அக்குழுவைச் சேர்ந்த விக் ஹேய்ஸ், கம்பியில்லா வலையமைப்புக்குத் தரநிலை வகுக்க 1990இல் தொடங்கிய ஐஇஇஇ 802.11 குழுவுக்குப் பத்து ஆண்டுகள் தலைமை வகித்தார். வைஃபையின் தந்தை என்று அவர் அழைக்கப்படுகிறார். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் ஜான் ஓசல்லிவன் குழுவினர், சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி அலைகளின் சிக்கலைத் தீர்க்கும் முறைக்கு 1990களில் காப்புரிமை பெற்றனர். அந்தக் காப்புரிமைக்காகப் பின்னாளில் பல நிறுவனங்கள் பெருந்தொகை செலுத்தின.

1999 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஐபுக் மடிக்கணினியுடன் ஏர்போர்ட் கருவியை வெளியிட்டது. அதன்பின் கம்பியில்லா இணையம் வீடுகளுக்குள் நுழைந்தது.

தலைமுறைகள்

802.11 குழுவின் முதல் தரநிலை 1997இல் வெளியானது. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999இல் இரண்டு தரநிலைகள் வந்தன: 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 மெகாபிட் தரும் ‘பி’, 5 கிகாஹெர்ட்ஸில் 54 மெகாபிட் தரும் ‘ஏ’. 2003இல் வந்த ‘ஜி’, 54 மெகாபிட் வேகத்தை 2.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தது. பல ஆன்டெனாக்களை ஒருசேரப் பயன்படுத்தும் ‘என்’ 2009இல் வந்தது. அதன் உச்ச வரம்பு 600 மெகாபிட். 2013இல் வந்த ‘ஏசி’ 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குவது. 2021இல் ‘ஏஎக்ஸ்’ தரநிலை ஏற்கப்பட்டது. எழுத்துகள் குழப்புவதால் 2018 முதல் என், ஏசி, ஏஎக்ஸ் மூன்றும் முறையே வைஃபை 4, 5, 6 என்று எண்ணிடப்பட்டன.

புதிய தரநிலை ஒவ்வொன்றும் தன் அலைவரிசையில் உள்ள பழைய சாதனங்களுக்கும் இடம் கொடுக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு. ‘பி’ வகைச் சாதனம் ஒன்று அருகில் இருந்தால், ‘ஜி’ வகைச் சாதனங்கள் ஒவ்வொரு முறையும் அதற்குப் புரியும் மெதுவான மொழியில் முன்னறிவிப்புச் செய்த பிறகே பேச முடியும். சாதனங்களுக்குச் சமமாகக் கிடைப்பது பேசும் முறைதானே தவிர, பேசும் நேரம் அல்ல. மெதுவான சாதனம் தன் முறை வரும்போது நெடுநேரம் அலையைப் பிடித்துக்கொள்வதால், வேகமான சாதனமும் கிட்டத்தட்ட அதன் வேகத்துக்கே இறங்கிவிடுகிறது. பிரான்சு ஆய்வாளர்கள் 2003இல் இதை விளக்கினர்.

காரணங்களின் வகைப்பாடு

அலைவரிசை நெரிசல்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் இருந்தாலும் அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி நிற்பவை. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பயன்படுத்தக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ரூட்டர்களும் இந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இரைச்சல்: மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் இதே பகுதியில்தான் இயங்குகின்றன. யூஎஸ்பி 3.0 வன்தட்டும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்புவதை இன்டெல் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை காட்டியது.

தடுப்பு: 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் அந்த அலை சுவரைக் கடக்கும்போது அதிகம் வலுவிழக்கும். கான்கிரீட், உலோக பீரோ, முகம் பார்க்கும் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை பெரிய தடைகள்.

ஆன்டெனா: புது மேசைக் கணினிகளில் அடிக்கடி காணப்படும் காரணம் இது. பெட்டியின் பின்புறம், யூஎஸ்பி துளைகளுக்கு அருகே, மரை போட்ட இரண்டு சிறு பித்தளை முனைகள் இருக்கும். அவற்றில் திருக வேண்டிய ஆன்டெனாக்கள் அட்டைப்பெட்டியில், திருகாணிகளோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் கிடக்கும். அவற்றைப் பொருத்தாவிட்டாலும் இணைப்பு கிடைக்கும், வேகம்தான் வராது.

பாதுகாப்பு முறை: ரூட்டரில் பழைய வெப் அல்லது டிகேஐபி குறியாக்கம் இருந்தால், ‘என்’ தரநிலையின் வேகங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. எவ்வளவு புதிய கணினியானாலும் 54 மெகாபிட்டில் நின்றுவிடும்.

பின்னணிப் பதிவிறக்கம்: புதுக் கணினி இணைந்தவுடன் இயங்குதளப் புதுப்பிப்புகளையும் மேகச் சேமிப்பில் உள்ள கோப்புகளையும் தானாக இறக்கத் தொடங்கும். இது முடிந்தபின் வேகத்தை அளப்பதே சரி.

கண்டறிதல்

முதலில் அலகு சரிதானா என்று பார்க்க வேண்டும். 100 மெகாபிட் இணைப்பு, கோப்பு இறங்கும்போது நொடிக்கு 12.5 மெகாபைட் என்றே தெரியும். இது குறைவு அன்று.

அடுத்து மூன்று அளவீடுகள்: கணினியை ரூட்டருடன் கேபிளால் இணைத்து ஒன்று, ரூட்டர் இருக்கும் அறையில் வைஃபையில் ஒன்று, வழக்கமான இடத்தில் ஒன்று. கேபிளிலேயே குறைந்தால் கோளாறு வைஃபையில் இல்லை. கேபிளில் 95 மெகாபிட் அருகே நின்றுவிட்டால், ரூட்டரின் துளை 100 மெகாபிட் வகையாகவோ கேபிளில் ஒரு இழை அறுந்தோ இருக்கலாம். முதல் இரண்டும் நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் சரிந்தால் தூரமும் சுவரும் காரணம். முதலாவது மட்டும் நன்றாக இருந்தால் ஆன்டெனா, வைஃபை அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள், அலைவரிசை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ‘netsh wlan show interfaces’ என்ற கட்டளையை இட்டால், கணினி எந்தத் தரநிலையில், எந்தச் சேனலில், என்ன வேகத்தில் இணைந்திருக்கிறது என்பது தெரியும். சேனல் எண் 13க்குள் இருந்து தரநிலை ‘என்’ என்று காட்டினால், கணினி 2.4 கிகாஹெர்ட்ஸில் சிக்கியிருக்கிறது. அங்கே தெரியும் இணைப்பு வேகத்தில் ஏறக்குறைய பாதியே நடைமுறையில் கிடைக்கும். அலைவலிமை சதவீதத்தில் காட்டப்படும்: 100 என்பது -50 டெசிபெல் மில்லிவாட், 66 என்பது -67. தடையற்ற காணொளிக்கு -67 போதும். -80க்குக் கீழே போனால் இணைப்பு தடுமாறும்.

தீர்வுகள்

ஆன்டெனாவைப் பொருத்துவதும், ரூட்டரைத் தரையிலிருந்து உயர்த்தி வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றுவதும் செலவில்லாத தீர்வுகள். இரு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, கணினியை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இணைப்பதே முறை. டிரைவரைக் கணினி அல்லது அட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பிக்க வேண்டும். ரூட்டரில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 வைக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸை விட வழியில்லாதபோது சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்து, 1, 6, 11இல் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே வானலைக் கருவி கொண்ட மலிவான ரிப்பீட்டர், வாங்கிய தகவலை அதே அலையில் திரும்ப அனுப்புவதால் வேகத்தைப் பாதியாக்கும். பெரிய வீட்டுக்குக் கேபிளால் இணைத்த இரண்டாவது அணுகுமுனையே உகந்தது. இடம் மாறாத மேசைக் கணினிக்குக் கேபிளை விஞ்சியது எதுவும் இல்லை.

இந்தியாவில்

இந்திய அரசு 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு உரிம விலக்கு அளித்தது. 5 கிகாஹெர்ட்ஸில் விலக்கு 2018 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது.

இன்றைய நிலை

வைஃபை 7க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. புதிய கணினிகளும் ரூட்டர்களும் இப்போது அதனுடன் விற்பனைக்கு வருகின்றன.