படத்தின் பின்பக்கம்

சில ஆண்டுகளுக்கு முன், கொல்லிமலையிலிருந்து எங்கள் கல்லூரிக்குப் படிக்க வந்த மாணவர் ஒருவர் தம் பாட்டனாரின் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நாற்காலியில் ஒரு முதியவர், தோளில் துண்டு, வெறுங்கால். பின்னால் திரைச்சீலையில் தீட்டிய மாளிகைப் படிக்கட்டும் பூந்தொட்டியும். மலையிலிருந்து இறங்கிவந்து நகரத்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம். “ஐயா, அவருக்கு இருப்பது இது ஒன்றுதான்” என்றார் மாணவர். படத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை, நெகட்டிவ் எண், அதன்கீழ் பென்சிலால் முதியவரின் பெயர், ஊர், நாடு. மேலும் பிரதி வேண்டுவோர் எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்ற ஒரு வரி.

முன்பக்கத்தைவிட அந்தப் பின்பக்கம்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. மலைமக்களைப் படமெடுக்கும் வழக்கம் தமிழகத்தில் நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது. அப்படங்களில் பெரும்பாலானவற்றில் பெயர் கிடையாது. இந்த முதியவரின் படத்தில் மட்டும் பெயர் எப்படி வந்தது? இக்கேள்விக்கு விடை தேடப் போனால், மாதச் சம்பளம் இல்லாமல், அழைத்தவர் வீட்டுக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படமெடுத்துப் பிழைத்த ஒரு தொழில்வர்க்கத்தின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

கொல்லிமலைக்கும் உருவத்துக்கும் உள்ள உறவு சங்ககாலத்தது. கொல்லிப்பாவையைக் குறுந்தொகையும் நற்றிணையும் பாடுகின்றன. காற்று மோதினாலும் இடி இடித்தாலும் நிலமே நடுங்கினாலும் தன் அழகு குன்றாத உருவம் அது என்று நற்றிணையில் பரணர் சொல்கிறார். அழியாத அந்தப் பாவைக்கும் தனக்கென்று ஒரு பெயர் இல்லை, மலையின் பெயரே அதன் பெயர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். பதினேழு ஆண்டுகளில், 1856இல், சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. அதே ஆண்டில் சென்னை அரசு லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறைத் தலைவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் புறப்பட்ட அவர் சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். 1858இல் வெளிவந்த அவருடைய தொகுதிகளில் ஒன்று ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் பற்றியது. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவரும் அவரே. ஆனால் 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இதை வீண் ஆடம்பரம் என்று கருதியதால் அந்தப் பணி முடிவுக்கு வந்தது. அதன்பின் படம் வேண்டியவர், அரசே ஆனாலும், பெரும்பாலும் தொழில்முறைப் படக்காரரைத்தான் அழைக்க வேண்டியிருந்தது.

அன்று அத்தொழில் எளிதானதல்ல. 1851இல் வந்த ஈரத்தகடு முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலர்வதற்குள், அதாவது சுமார் பத்து நிமிடத்துக்குள், படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஆகவே படக்காரர் போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள், தண்ணீர் எல்லாம் சுமைகூலிகளின் தலையில் கூடவே போயின. வாடிக்கையாளர் இல்லாத மலைக்கு யார் ஏறுவார்? வெள்ளையர் கோடைக்குக் குடியேறிய உதகைக்குப் படக்காரர்கள் போனார்கள். மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன கொல்லிமலைக்குப் போய்த் தொழில் நடத்த அவர்களுக்குக் காரணம் ஏதும் இல்லை.

உதகைக்குப் போனவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் பென். 1865இல் பதினாறு வயதில் வந்து, நிக்கலஸ் நிறுவனத்தில் தொழில் பழகி, 1870களில் தனியே தொழில் தொடங்கியவர். ஆங்கிலேயக் குடும்பங்கள், அவர்களின் பங்களாக்கள், வேட்டைக் கூட்டங்கள், மலைக்காட்சிகள், தோதவர்கள் என்று பலவகைப் படங்களையும் அவர் எடுத்தார். 2014இல் அவருடைய கொள்ளுப்பேரன் வெளியிட்ட நூல் அந்த வாழ்க்கையை மீட்டுத் தந்திருக்கிறது. ஒரே மனிதர், ஒரே கருவி. ஆனால் படத்துக்குப் படம் நியாயம் வேறு. துரை குடும்பத்தின் படம் அக்குடும்பத்துக்கே விற்கப்பட்டது. அதற்குப் பெயர் உண்டு. தோதவரின் படம் தோதவருக்கு விற்கப்படவில்லை. அது ஊருக்கு அனுப்பும் ஆல்பத்துக்குப் போயிற்று. அதற்கு இனத்தின் பெயரே போதுமானதாயிற்று.

இதன் கொடிய எல்லையை வில்லபி ஹூப்பரிடம் காண்கிறோம். அவர் தொழில்முறைப் படக்காரர் அல்லர். சென்னைக் குதிரைப்படை அதிகாரி. ஆயினும் இனவகைப் படங்கள், புலிவேட்டைக் காட்சிகள், 1876-78 பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் வரிசையில் உட்காரவைக்கப்பட்ட மனிதர்கள், பிறகு பர்மாவில் மரண தண்டனைக் காட்சி என எல்லாவற்றையும் எடுத்தார். கடைசியாகச் சொன்னது 1886இல் பெரும் கண்டனத்துக்கும் விசாரணைக்கும் உள்ளாயிற்று. அந்தப் பஞ்சத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871இல் 20 லட்சத்தை நெருங்கியிருந்த அதன் மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், பிழைத்தார்களா என்பதற்கு அப்படங்களில் விடை இல்லை.

அடுத்து வந்தது அளவெடுக்கும் காலம். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன், 1909இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் பச்சைமலையிலும் வாழும் மலையாளிகள், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்ற மரபுக்கதை உட்பட, அதில் இடம்பெறுகிறார்கள். செய்திகளுக்காக நாம் இன்றும் அந்நூலைப் புரட்டுகிறோம். நன்றி சொல்லவும் வேண்டும். ஆனால் இத்தகைய நூல்களில் படத்தின் கீழே வருவது பெரும்பாலும் சாதிப் பெயர்; ஆளின் பெயர் அன்று. படத்துக்குப் பணம் கொடுத்தது ஆய்வுத்துறை. அதற்கு வேண்டியது மாதிரி, மனிதர் அல்லர்.

மாற்றம் நகரத்து ஸ்டுடியோக்களால் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் சேலம், நாமக்கல், இராசிபுரம் போன்ற ஊர்களில் ஒற்றை அறையில் தொழில் நடத்திய படக்காரரின் ஆண்டுக்கணக்கைப் பார்த்தால், அது பஞ்சாங்கத்தை ஒட்டியே நடந்தது தெரியும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாணம். ஒரே முகூர்த்த நாளில் மூன்று அழைப்பு வரும், போக முடிவது ஒன்றுக்குத்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. திருவிழாவையும் கடன்காரரின் பொறுமையையும் நம்பி இருக்க வேண்டும். கல்வியாண்டு முடியும் நாட்களில் பள்ளிக்கூடக் குழுப்படம். தேர்தல் வந்தால் மேடைப் படம். காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தால் விபத்துக்கும் அடையாளம் தெரியாத பிணத்துக்கும் போயாக வேண்டும்; அந்தப் பணம் எப்போது வரும் என்று கேட்கக் கூடாது. சேலத்தில் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கிய பின் சினிமா ‘ஸ்டில்’ எடுக்கும் வேலையும் இவ்வட்டாரத்துக்கு அறிமுகமாயிற்று.

இத்தனையிலும் கடினமானது சாவு வீட்டுப் படம். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலையிட்டு, சுற்றிலும் குடும்பத்தார் நிற்க எடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் நெடுநாள் இருந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு படமும் எடுக்காதவருக்கு அதுவே முதலும் கடைசியும். எல்லோரும் அழும்போது படக்காரர் அழக் கூடாது; “கொஞ்சம் இப்படிப் பாருங்கள்” என்று அவர்களிடம் சொல்லவும் வேண்டும். காலையில் சாவு, மாலையில் கல்யாண வரவேற்பு என்று அமைந்த நாட்களும் உண்டு. அவருக்கு இரண்டும் தொழில்.

120 அளவு ஃபிலிம் சுருளில் சதுரப் படம் பன்னிரண்டுதான் வரும். கல்யாணத்தில் தாலி கட்டும் கணத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. பல்பு ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது. கண் மூடியிருந்தால் நெகட்டிவின் மேல் பென்சிலால் கண் வரைந்து சரிசெய்ய வேண்டும். எனவே எதை எடுப்பது, எதை விடுவது என்ற தீர்மானமே அந்த வேலையின் உயிர். கொல்லிமலைக்குச் சாலை வருவதற்கு முன் அங்கிருந்து ஓர் அழைப்பு என்றால் முழுநாள் நடை, ஓர் இரவுத் தங்கல். வாழவந்தி நாட்டிலோ அரியூர் நாட்டிலோ ஒரு கல்யாணத்துக்காகப் பெட்டியைச் சுமந்து ஏறினால், கீழே இரண்டு முகூர்த்தம் போய்விடும். அதனால் படக்காரர் ஏறுவதைவிட மலைக்காரர் இறங்குவதே வழக்கமாக இருந்திருக்கும். என் மாணவரின் பாட்டனாரும் அப்படி இறங்கிவந்தவர்தான்.

அவர் பெயர் ஏன் எழுதப்பட்டது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அன்பினாலோ ஆய்வு நேர்மையினாலோ அன்று. படத்தை வாங்கிக்கொள்ள வருபவர் அவரே என்பதால். முன்பணம் கொடுத்தவர், இன்னும் பிரதி கேட்கக் கூடியவர். பெயரும் ஊரும் இல்லாவிட்டால் எந்தக் கவரை யாரிடம் கொடுப்பது? கூலிக்குப் படமெடுத்தவரின் கணக்குப் புத்தகம், தான் அறியாமலே, ஆய்வாளர்கள் செய்யாத ஒன்றைச் செய்திருக்கிறது. சட்டமும் இதே பக்கம்தான். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, அவரே முதல் உரிமையாளர். எடுத்தவருக்கு இதில் இழப்பு உண்டு. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த மலைக்காரருக்கு அது கொடுத்தது சிறிய சொத்து அன்று.

1993இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் புகைப்பட அடையாள அட்டைக்கு உத்தரவிட்ட பின் ஊர் ஊராகக் கேமரா போயிற்று. பலருக்கு அதுவே வாழ்நாளின் முதல் படம். பெயரோடு கூடிய படம், ஆனால் அவர்கள் கேட்டு எடுத்தது அன்று. அதே காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு பயிரிடும் நிலம் சுருங்கி, சேலத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியது. சிறுதானியங்களைக் காக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் முதலியவை மலையில் பணியாற்றின. இத்தகைய பணிகள் நடக்குமிடத்துக்கெல்லாம் அறிக்கைக்குப் படமெடுக்கும் சுயேச்சைப் படக்காரர்கள் வருவது இயல்பு. நல்ல நோக்கத்துக்காக எடுத்த படங்கள்தாம். ஆனாலும் கதிரைக் கையில் பிடித்துச் சிரிக்கும் பெண்ணின் கீழே ‘பழங்குடிப் பெண்’ என்று மட்டும் அச்சிடும் வழக்கத்தை நாம் எத்தனையோ வெளியீடுகளில் பார்க்கிறோம். பணம் கொடுப்பவர் மாறியதும் பெயர் மறுபடியும் உதிர்ந்துவிடுகிறது. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஆகாய கங்கைக்குக் கல்யாண ஜோடியை அழைத்துவந்து படமெடுப்பவரின் சட்டகத்தில் மலைக்காரரே இல்லை, அருவிதான் இருக்கிறது.

பழைய ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது நெகட்டிவ்கள் பல வெள்ளிக்காகப் பழைய பொருள் வியாபாரிகளிடம் போயின. கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டுச் சட்டக் கண்ணாடிகளாயின. மீதியைப் பூஞ்சை தின்றது. 1960இல் உதகையில் தொடங்கப்பட்டு, ‘இந்து’ ஃபிலிமும் தாளும் தந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையுடன், தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கம் செய்திருப்பது பெரும்பணி. ஆனால் எல்லா வீட்டுப் பெட்டியையும் ஒரு நிறுவனம் திறந்துவிட முடியாது.

மாணவரின் படத்தை எங்கள் துறையில் மின்படி எடுத்தோம். முன்பக்கத்தை எடுத்து முடித்ததும் அவர் படத்தைக் கவருக்குள் வைக்கப் போனார். பின்பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன். பென்சில் எழுத்து மங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில ஆண்டுகளில் அந்த முதியவரும் வெறும் ‘கொல்லிமலை முதியவர்’ ஆகியிருப்பார். இதைப் படிக்கும் நண்பர்கள் தங்கள் வீட்டுப் படங்களையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால், சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். எடுத்தவரின் முத்திரை இருந்தால் அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.