படங்காட்டி மென்பொருள்களின் பதிப்பு வரலாறு

படக்கோப்பைத் திறந்து திரையில் காட்டுவதுதான் படங்காட்டி மென்பொருளின் வேலை. 1980களின் இறுதியிலிருந்து இவ்வகை மென்பொருள்களில் பலவற்றைத் தனியாட்களே ஓய்வு நேரத்தில் எழுதி வெளியிட்டு வந்திருக்கின்றனர். ஒவ்வொரு புதிய பதிப்புடனும் வரும் மாற்றப் பட்டியலில் புதிதாகத் திறக்கக்கூடிய கோப்பு வகைகளும் திருத்திய பிழைகளும் அடைத்த பாதுகாப்பு ஓட்டைகளும் இடம்பெறும். இப்பட்டியல்களை வரிசையாகப் படித்தால் கணினிப் படங்களின் வரலாறே அதில் தெரியும்.

கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987 ஜூனில் ஜிஃப் பட வடிவத்தை அறிமுகப்படுத்தியது. 1991 அக்டோபரில் ஜேபெக் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் லிப்ஜேபெக் நிரலகத்தைத் தன்னார்வலர் குழு ஒன்று மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டது. சிக்கலான கணக்குகளை நிரலகம் பார்த்துக்கொண்டதால், ஒரே ஆள் முழுமையான படங்காட்டி ஒன்றை எழுதி முடிப்பது சாத்தியமாயிற்று. அன்றுமுதல் நிரலகம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதை நம்பியிருக்கும் படங்காட்டிகளும் புதிய பதிப்பு கண்டன.

யூனிக்ஸ் கணினிகளில் மிகவும் புகழ்பெற்ற படங்காட்டி எக்ஸ்வி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ஜான் பிராட்லி அதை எழுதினார். சொந்தப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கட்டாயமில்லை, ஆனால் நிறுவனங்கள் பணம் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும் என்னும் ஷேர்வேர் முறையில் அது பரவியது. 1994 டிசம்பரில் வந்த 3.10ஏ பதிப்போடு அவருடைய வெளியீடுகள் நின்றுபோயின. மூலநிரல் எல்லோருக்கும் கிடைத்தாலும், திருத்திய எக்ஸ்வியைப் பிறர் தம் விருப்பப்படி விநியோகிக்க உரிமம் இடம்தரவில்லை. எனவே ஆர்வலர்கள் மாற்றங்களை மட்டும் ‘பேட்ச்’ கோப்புகளாகத் தனியே வெளியிட்டனர். பயனர் மூலநிரலை எடுத்து, பேட்சைப் பொருத்தி, தாமே தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிஎன்ஜி என்னும் பிந்தைய பட வடிவத்தைத் திறக்கும் வசதி எக்ஸ்விக்கு இவ்வழியில்தான் வந்தது. சிதறிக் கிடந்த பேட்சுகளை நிரலாளர் கிரெக் ரோலோஃப்ஸ் 2000களில் ஒரே பெருந்தொகுப்பாக்கினார். ஆசிரியர் நிறுத்திய பின்னும் பத்தாண்டுக்கு மேல் அந்த மென்பொருள் இப்படிப் புழக்கத்தில் இருந்தது.

பிராட்லியின் கடைசிப் பதிப்பு வந்த அதே மாதத்தில் படங்காட்டி எழுதுவோர் அனைவரையும் கலக்கிய அறிவிப்பு ஒன்றும் வந்தது. ஜிஃப் பயன்படுத்தும் எல்இசட்டபிள்யூ சுருக்க முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யூனிசிஸ் நிறுவனம், ஜிஃப் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் கேட்கத் தொடங்கியது. காப்புரிமைத் தளை இல்லாத மாற்று வடிவத்தை இணையத்தில் கூடிய நிரலாளர்கள் சில மாதங்களிலேயே வகுத்தனர். அதுவே பிஎன்ஜி. 1996 அக்டோபரில் அது இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாயிற்று. சில இலவச மென்பொருள்கள் ஜிஃப் சேமிக்கும் வசதியைக் கைவிட்டன. அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனிலும், வேறு பல நாடுகளில் 2004இலும் காலாவதியான பிறகு அவ்வசதி புதிய பதிப்புகளில் திரும்பியது.

தனியாள் எழுதும் படங்காட்டி மரபை விண்டோஸ் உலகில் நிலைநாட்டியது இர்ஃபான்வியூ. பாஸ்னியாவின் யாய்ட்சே நகரில் பிறந்த இர்ஃபான் ஷ்கில்யான், வியன்னாவில் படித்தபோது எழுதி 1996இல் வெளியிட்ட மென்பொருள் அது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இன்றுவரை இலவசமாகவே கிடைக்கிறது. 2007இல் வந்த 4.00க்குப் பிறகான பதிப்புகள் எல்லாம் அந்த நான்காம் வரிசையிலேயே தொடர்கின்றன. முதன்மை நிரலைச் சிறியதாக வைத்துக்கொண்டு, அரிய கோப்பு வகைகளுக்கான செருகுநிரல்களைத் தனித் தொகுப்பாகத் தருவது அதன் வழக்கம். பிரான்சில் பியர்-இம்மானுவேல் கூஷ்லே 1998இல் வெளியிட்ட எக்ஸ்என்வியூ, நூற்றுக்கணக்கான கோப்பு வகைகளைத் திறப்பதால் பெயர் பெற்றது.

டிஜிட்டல் கேமரா பரவியதும் மாற்றப் பட்டியல்களின் போக்கு மாறியது. படம் பிடித்த கோணத்தைக் குறிக்கும் எக்ஸிஃப் தகவலைப் படித்துப் படத்தைத் தானாகத் திருப்பும் வசதி சேர்ந்தது. கேமரா நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்கெனக் கச்சாக் (ரா) கோப்பு வடிவம் வைத்திருந்தன; அவற்றின் விவரங்களை வெளியிடவும் இல்லை. டேவ் காஃபின் 1997இல் தொடங்கிய டிசிரா நிரல் அவற்றை ஆராய்ந்து படித்துக் காட்டியது. புதிய கேமரா சந்தைக்கு வரும்போதெல்லாம் டிசிராவும், அதைப் பயன்படுத்திய படங்காட்டிகளும் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

தமிழ் வாசகரை நேரடியாகத் தொடும் மாற்றம் யூனிகோடு ஆதரவு. விண்டோஸின் பழைய எழுத்துக்குறி முறையில் தமிழுக்கு இடமே இருக்கவில்லை. அம்முறையில் எழுதப்பட்ட மென்பொருள்களில் தமிழில் பெயரிட்ட கோப்புகள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தன, பல நேரங்களில் திறக்கவும் மறுத்தன. இதைச் சரிசெய்ய நிரலின் அடித்தளத்தையே மாற்றியெழுத நேர்ந்தது. எக்ஸ்என்வியூவின் மறுவடிவமான எக்ஸ்என்வியூ எம்பி அப்படிப் புதிதாக எழுதப்பட்டது.

பாதுகாப்புச் சிக்கல்கள் புதுப்பித்தலை விருப்பத்திலிருந்து கட்டாயமாக்கின. சூழ்ச்சியாகத் தயாரித்த படத்தைத் திறந்தாலே கணினி பிறர் கைக்குப் போகலாம் என்பதை 2004இல் பிஎன்ஜி நிரலகமான லிப்பிஎன்ஜியிலும் மைக்ரோசாஃப்டின் ஜேபெக் கையாளும் நிரலிலும் கண்டறிந்த ஓட்டைகள் உணர்த்தின. 2023 செப்டம்பரில் வெப்பி பட வடிவத்துக்கான கூகுளின் நிரலகமான லிப்வெப்பியில் கடுமையான ஓட்டை வெளிப்பட்டது. உலாவிகள் சில நாட்களில் திருத்தம் வெளியிட்டன. அந்த நிரலகத்தைத் தமக்குள் பொதிந்து வைத்திருந்த சிறு படங்காட்டிகளும் புதிய பதிப்பை வெளியிட்டாக வேண்டியதாயிற்று. பராமரிப்பார் இல்லாதவற்றில் ஓட்டை அப்படியே தங்கிவிடுகிறது.

இதனால் ஆசிரியருக்குப் பின் யார் என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வியாகிறது. உரிமம்தான் பெரும்பாலும் அதற்கு விடை தருகிறது. ஜிக்யூவியூ படங்காட்டியின் வளர்ச்சி நின்றபோது, கட்டற்ற உரிமம் இருந்ததால் வேறொரு குழு அதை எடுத்து கீக்கி என்ற பெயரில் வளர்த்தது. எஸ்எக்ஸ்ஐவி என்னும் படங்காட்டி கைவிடப்பட்டதும் அதிலிருந்து 2021இல் என்எஸ்எக்ஸ்ஐவி பிறந்தது. எக்ஸ்விக்கு மூலநிரல் இருந்தும் உரிமம் இறுக்கமாக இருந்ததால் பல ஆண்டுகள் பேட்சுகளோடு நிற்க வேண்டியதாயிற்று. மூலநிரல் வெளியிடப்படாத இர்ஃபான்வியூவின் தொடர்ச்சி ஒருவருடைய உழைப்பையே சார்ந்திருக்கிறது. புதிய பட வடிவங்கள் வந்துகொண்டே இருப்பதால், பழைய படங்களையும் புதியவற்றையும் ஒருசேரத் திறக்கும் திறன் இந்தத் தொடர் பராமரிப்பால்தான் நிலைக்கிறது.