அல்-அஸீஸ்: பலர்மோவின் தோட்ட மாளிகை

இத்தாலியின் சிஸிலித் தீவில், பலர்மோவின் பழைய மதிலுக்கு அப்பால் நிற்கும் மாளிகையை மக்கள் ‘ஸீஸா’ என்கின்றனர். ‘அல்-அஸீஸ்’ என்னும் அரபுச் சொல்லின் மருவிய வடிவம் அது. கட்டப்பட்ட நாளில் அதனைச் சூழ்ந்து பழத்தோட்டங்களும் குளங்களும் நிறைந்த அரச வனம் இருந்தது. ‘ஜன்னத்துல் அர்ள்’, அதாவது பூமியின் சுவனம், என்ற அவ்வனத்தின் பெயரே இத்தாலியர் நாவில் ‘ஜெனோவார்தோ’ ஆயிற்று.

பெயரை மட்டும் பார்த்து இதனை முஸ்லிம் அமீர் ஒருவரின் மாளிகை எனப் பெருமை பேசிவிடலாம். ஐரோப்பியரிலும் பலர் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். உண்மை வேறு. 831-இல் முஸ்லிம்கள் வசமான பலர்மோவை 1072-இல் நார்மன்கள் கைப்பற்றினர். 1165 அளவில் முதலாம் வில்லியம் தொடங்கிய இம்மாளிகையை அவருடைய மகன் இரண்டாம் வில்லியம் நிறைவு செய்தார். சான்று வாயில் வளைவிலேயே இருக்கிறது. சுதையில் வடித்த அரபு வாசகம் மன்னரை ‘அல்-முஸ்தஇஸ்’ எனக் குறிக்கிறது; அது இரண்டாம் வில்லியம் சூடிய பட்டம். மன்னரின் பட்டமும் மாளிகையின் பெயரும் ‘இஸ்ஸத்’ என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. வாசகம் எழுதியவர் அரபு நயம் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. 19ஆம் நூற்றாண்டில் மிக்கேலே அமாரி இதனைப் படித்து, கட்டியவர் யார் என்பதைத் தெளிவாக்கினார்.

உள்ளே நுழைந்தால் நீரூற்று மண்டபம். முகர்னஸ் மாடத்தின் கீழ் சுவரிலிருந்து வழியும் நீர், சாய்ந்த பளிங்குப் பலகையில் தவழ்ந்து, தரையின் நடுவே வாய்க்காலாக ஓடி, முன்புறக் குளத்தை அடைந்தது. குளத்தின் மேல் வீசிய காற்று வாயில்களின் வழியே குளிர்ந்து உட்புகுந்தது. வட ஆப்பிரிக்க முஸ்லிம் மாளிகைகளின் மரபே இது.

இக்கலையைப் பேணிய சமூகத்தின் நிலை என்ன? பணி தொடங்குவதற்குச் சில ஆண்டுகளே முன்னர், 1161-இல், பலர்மோ முஸ்லிம்கள் கலகக்காரரின் படுகொலைக்கு ஆளாயினர். 1184-இல் வந்த இப்னு ஜுபைர், மன்னர் அரபு படிக்கவும் எழுதவும் வல்லவர் என வியக்கிறார். அரண்மனை முஸ்லிம் பணியாளர் ஈமானை மறைத்து வாழ்ந்ததையும் பதிவு செய்கிறார். 1189-இல் மன்னர் மறைந்ததும் மீண்டும் வன்முறை மூண்டது; எஞ்சியோர் மலைகளுக்கு ஓடினர். பின்னர் இரண்டாம் பிரெடரிக் அவர்களைப் பெருநிலத்து லூசெராவுக்குப் பெயர்த்தார். 1300-இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது.

மாளிகை பல பிரபுக் குடும்பங்களிடம் கைமாறி, 1971-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. செப்பனிடப்பட்டு 1991-இல் திறக்கப்பட்டது. இஸ்லாமியக் கலைப்பொருள்களின் காட்சியகமும் அங்கு அமைந்தது. 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. உச்சியில் ஓடிய மற்றோர் அரபு வாசகத்தைப் பிற்காலத்தார் கோட்டை மதில்போல் பல் பல்லாக வெட்டிவிட்டனர். எஞ்சிய கற்களில் எழுத்துத் துண்டுகள் மட்டும் தெரிகின்றன.