உருளைக்கிழங்கு ஜெர்மனியரின் கணக்கு

பிள்ளைகளுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்தால் "சம்பளம் எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்கிறோம். கணக்காளனான நான், முதற் சம்பளம் வரும்வரை சாப்பாடு எதில் என்று கேட்பேன். இதற்கு விபோர்க்கிலேயே ஒரு பழைய கதை உண்டு.

1759இல் டென்மார்க் மன்னர் ஐந்தாம் பிரெடரிக்கின் ஆட்கள் பிராங்க்பேர்ட்டில் குடியேறிகளைத் திரட்டினார்கள். வழிச்செலவு, நாட்படி, காணி, 20 வருட வரிவிலக்கு எல்லாம் தருவோம் என்றார்கள். அங்கோ ஏழாண்டுப் போர். போருக்குள் இருப்பவன் நிபந்தனைகளைத் துருவிப் பார்ப்பானா? ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்த எங்களுக்குத் தெரியாததா!

சுமார் ஆயிரம் பேர் யூலன்ட் தரிசுகளுக்கு வந்தார்கள். விபோர்க்குக்குத் தென்மேற்கே ஆல்ஹெடனில் மேலே மணல். கீழே வேர் இறங்காத 'ஆல்' என்ற இறுகிய படை. விளையாத காணிக்கு வரிவிலக்கு என்ன பெறும்? நாட்படியை நம்பியே சீவியம். சில வருடங்களில் பெரும்பாலோர் வெளியேறினர். சிலர் ரஷ்ய அரசி கத்தரீன் 1763இல் விடுத்த அழைப்பை நம்பி வொல்கா போனார்கள். அங்கும் வரிவிலக்குத்தான் வாக்குறுதி!

தங்கியவர்கள் உருளைக்கிழங்கு நட்டார்கள். மணலிலும் அது விளைந்தது. அதனால்தான் 'உருளைக்கிழங்கு ஜெர்மனியர்' என்ற பட்டம். 1766இல் திறக்கப்பட்ட அவர்களின் தேவாலயம் பிரெடரிக்ஸ் ஊரில் இன்றும் நிற்கிறது.

போகப்போகும் பிள்ளைகளே, வேலை ஒப்பந்தத்தில் வீட்டு வாடகையை எத்தனை மாதத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். டெனிஷ் முதியோர் ஓய்வூதியம் இங்கே வாழ்ந்த வருடங்களை வைத்தே கணிக்கப்படுகிறது. அந்தக் கழிவையும் சம்பளத்துக்கு எதிரே எழுதிப் பாருங்கள்.