மடியும் ஆயுளும் - கறவை மாட்டினங்களின் கதை

ஒரு பசு நல்ல பசுவா என்பதை எதைக் கொண்டு சொல்வது? ஒரு நாளில் கறக்கும் பாலைக் கொண்டா, எத்தனை ஈற்று கறக்கிறது என்பதைக் கொண்டா? 20ஆம் நூற்றாண்டில் இக்கேள்விக்கு அமெரிக்கா ஒரு விதமாகவும் நார்வே வேறு விதமாகவும் விடை சொல்லின.

அமெரிக்காவின் முக்கியக் கறவை இனம் ஹோல்ஸ்டீன். நெதர்லாந்திலிருந்து வந்த கறுப்பு வெள்ளை மாடு இது. 1949இல் விந்தணுவை உறைய வைத்துக் காக்கும் முறை இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் ஒரே காளைக்குப் பல ஆயிரம் கன்றுகள் பிறக்க வழி ஏற்பட்டது. காளைகளை அவற்றின் மகள்கள் கறந்த பாலை வைத்தே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தனர். பலன் வியப்பானது! 1944இல் அமெரிக்கப் பசு ஒன்று ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2,070 கிலோ பால் தந்தது. 2007இல் அது 9,000 கிலோவைத் தாண்டியது. நல்ல தீவனமும் பராமரிப்பும் இதற்குத் துணை நின்றன.

ஆனால் அந்தப் பாலைச் சுமப்பது மடி. மடியைத் தாங்கும் நடுத் தசைநார் ஒவ்வொரு ஈற்றிலும் சற்றுத் தளர்கிறது. மடி பின்னங்கால் முட்டிக்குக் கீழே தொங்கினால் சேறும் சாணமும் படும், காம்பு மிதிபடும், கிருமி நுழைந்து மடிநோய் வரும். பிறகு அந்தப் பசு பண்ணையில் நிலைப்பது கடினம். சிறிய உடல்வாகுடைய ஜெர்சி குறைவாகக் கறந்தாலும் பொதுவாக ஹோல்ஸ்டீனைவிட அதிக காலம் மந்தையில் நிற்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பசுவின் ஆயுள் அது மந்தையை விட்டுப் போன பிறகே முழுமையாகத் தெரியும். அதற்குள் அதன் தகப்பன் காளை வயதாகிவிடும். மடியின் அமைப்போ தலையீற்றிலேயே கண்ணுக்குத் தெரியும், தாய் தகப்பனிடமிருந்து ஓரளவு நன்றாகவே இறங்கியும் வரும். ஆகவே மடியைப் பார்த்து ஆயுளை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடிந்தது. அமெரிக்க வேளாண் துறை 1994இல் உற்பத்தி ஆயுளையும், 2000இல் மடி அமைப்பையும் காளைகளின் தர மதிப்பீட்டில் சேர்த்தது.

நார்வே இதை முன்பே தொடங்கியிருந்தது. 1975 முதல் ஒவ்வொரு பசுவுக்கும் அளிக்கப்பட்ட சிகிச்சையை நாடு முழுவதும் பதிவு செய்தனர். 1978இல் மடிநோய் எதிர்ப்பும் காளைத் தேர்வில் ஓர் அளவுகோலாயிற்று. இப்படி வளர்ந்ததே நார்வே சிவப்பு இனம். பால் அளவில் ஹோல்ஸ்டீனை அது எட்டவில்லை. ஆனால் கலிபோர்னியாவின் 7 பண்ணைகளில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், ஸ்காண்டிநேவியச் சிவப்புக் காளைகளுக்கும் ஹோல்ஸ்டீனுக்கும் பிறந்த கலப்புப் பசுக்கள் தூய ஹோல்ஸ்டீனைவிடச் சற்றுக் குறைவாகக் கறந்தாலும் மந்தையில் அதிகம் நிலைத்தன.

கிடேரிக் கன்றை வளர்க்க ஏறக்குறைய 2 ஆண்டுகள் செலவு மட்டுமே, வரவு இல்லை. 15 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய மாடு இரண்டு மூன்று ஈற்றில் கழிக்கப்பட்டால் விவசாயிக்கும் நட்டம், பசுவுக்கும் நட்டம். எதை அளந்தார்களோ அதுவே வளர்ந்தது. பாலை மட்டும் அளந்தபோது பால் வளர்ந்தது, மடியையும் நோயையும் சேர்த்து அளந்தபோது பசுவின் ஆயுளும் கணக்கில் வந்தது.