பூக்களின் பள்ளத்தாக்கு: கண்டவரும் காத்தவரும்

கார்வால் இமயத்தில், பத்ரிநாத்துக்கு அருகே, புயுந்தார் ஆற்றின் மேற்பகுதியில் விரிந்து கிடக்கிறது பூக்களின் பள்ளத்தாக்கு. இதன் வரலாற்றைப் பெரும்பாலான நூல்கள் 1931-இல் தொடங்குகின்றன. அவ்வாண்டு 7,756 மீட்டர் உயரமுள்ள காமேட் சிகரத்தை வென்ற ஃப்ராங்க் ஸ்மைத்தும் தோழர்களும் புயுந்தார் கணவாயைக் கடந்து இங்கே இறங்கினார்கள். மலர்களில் மனம் பறிகொடுத்த ஸ்மைத் 1937-இல் மீண்டும் வந்து தங்கி, விதைகளும் கிழங்குகளும் சேகரித்தார். மறு ஆண்டு வெளியான அவருடைய நூலின் பெயரே இடத்தின் பெயராக நிலைத்துவிட்டது. அந்த நூலின் புகழைத் தொடர்ந்து 1939-இல் தாவரம் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி, பாறைச் சரிவில் தவறி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை இன்றும் பூக்களின் நடுவே இருக்கிறது.

ஆனால், யாரும் அறியாத இடத்தையா ஸ்மைத் கண்டார்? புயுந்தார் ஊராரும் இடையர்களும் தலைமுறை தலைமுறையாகக் கோடையில் ஆடுகளை ஓட்டிவந்த மேய்ச்சல் நிலம் அது. நந்தாஷ்டமிக்கு முன் பிரம்மகமலத்தைப் பறிக்கலாகாது என்பது இம்மலை மக்களின் வழக்கம். விதை முற்றும்வரை செடியைக் காக்கும் அறிவு அந்த வழக்கத்துக்குள் ஒளிந்திருப்பதாக நாம் கருதுகிறோம். கைவிரல்கள் போன்ற கிழங்குடைய சாலம்பஞ்சா என்னும் ஆர்கிட் செடியை மருந்தாக அறிந்தவர்களும் இவர்களே. அதே மருத்துவ குணத்தால் வெளிச்சந்தையில் விலை ஏற, இமயம் நெடுகிலும் அது தோண்டப்பட்டு அருகிவிட்டது. காவல் தேவைப்பட்டது என்பதை நாம் மறுக்க முடியாது.

1982-இல் ஏறத்தாழ 87 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாயிற்று. அடுத்த ஆண்டு மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. 2005-இல் நந்தாதேவியுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. இதற்கிடையில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. 'பாலிகோனம்' என்று அறியப்படும் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து, சிறு மலர்ச்செடிகளுக்கு வெயில் படாமல் மறைக்கத் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த களையன்று அது. இமயத்தின் சொந்தச் செடிதான். ஆடுகள் தின்றும் மிதித்தும் அதை அடக்கி வைத்திருந்தன என்றனர் சில தாவரவியலாளர்கள். நிலச்சரிவும் பனிச்சரிவும் புரட்டிப்போட்ட மண்ணிலேதான் அது பெருகுகிறது, மேய்ச்சல் தடையைப் பழிப்பது தவறு என்றனர் வேறு சிலர். வழக்கு முற்றாகத் தீரவில்லை. வனத்துறையோ ஆட்களை வைத்து அச்செடியைப் பிடுங்கி வருகிறது.

மந்தையைத் திரும்ப விடுவதுதான் தீர்வு என்று நாம் சொல்ல வரவில்லை. ஸ்மைத் கண்டு வியந்த பள்ளத்தாக்கு மனிதக் காலடி படாத காடு அல்ல. மந்தைகள் மேய்ந்த புல்வெளி. காவல் சட்டம் எழுதப்பட்டபோது அந்தப் பங்கு கணக்கில் வரவில்லை. பூக்களின் பெயர்ப்பட்டியல் இன்று சுமார் 500 வகைகளைத் தாண்டி நீள்கிறது. அவற்றோடு வாழ்ந்த இடையர்களில் ஒருவர் பெயரையும் வரலாறு நமக்குச் சொல்லவில்லை.